நினா கஸியானைத் தமிழுக்குக் கொண்டுவர எந்தப் பிரதியை எடுப்பது?

கவிதை மொழிபெயர்க்கிற இரண்டு பேர், ஒருவரையொருவர் தெரியாதவர்கள், சில மாத இடைவெளியில் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். நினா கஸியானின் கவிதைகள் சிலவற்றை ஆங்கிலத்தில் படித்திருக்கிறார்கள். பிடித்துப்போய்விட்டது. ருமேனியக் கவிஞரான அவரைத் தமிழில் செய்து பார்க்க ஆசை. ஆனால் ஆங்கிலத்திலேயே நாலைந்து புத்தகங்கள் இருக்கின்றன, ஒன்றில் கேட்கிற குரல் இன்னொன்றில் கேட்பதில்லை. எதை மூலமாக வைத்துக்கொள்வது?

இரண்டு பேருக்கும் போனில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

ஆள் யார் என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், ஏனென்றால் பிரதிச் சிக்கலே அவருடைய வாழ்க்கையிலிருந்து வந்ததுதான். 1924-இல் ருமேனியாவில், டான்யூப் கரையிலுள்ள கலாட்ஸ் நகரத்தில், ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அப்பாவும் மொழிபெயர்ப்பாளர். பதினாறு வயதில், தடைசெய்யப்பட்டிருந்த கம்யூனிஸ்ட் இளைஞர் அமைப்பில் சேர்ந்தார். 1947-இல் முதல் தொகுப்பு வந்தது. வரைபடங்களில் போடுவார்களே, அளவு 1/1 என்று, அதுதான் தலைப்பு. மீமெய்யியல் (சர்ரியலிசம்) சாயல் கொண்ட அந்தக் கவிதைகளைக் கட்சி நாளிதழான ஸ்கின்டேயா சீரழிவு இலக்கியம் என்று கிழித்துப்போட்டது. தான் நம்பிய கட்சியே இப்படிச் சொன்னதும் நினா பணிந்துபோனார். சுமார் எட்டு ஆண்டுகள் கட்சிக்குப் பிடித்த மாதிரி எழுதினார். 1950-களின் பிற்பகுதியில் கெடுபிடி கொஞ்சம் தளர்ந்த பிறகு தன் பழைய குரலுக்குத் திரும்பினார். நடுவே குழந்தைகளுக்கு எழுதினார், இசை அமைத்தார், படம் வரைந்தார். ஷேக்ஸ்பியர், பிரெக்ட், மோர்கன்ஸ்டர்ன், ரிட்ஸோஸ், செலான் என்று பலரை ருமேனிய மொழிக்குக் கொண்டுவந்தார்.

1985-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் படைப்பெழுத்து கற்பிக்கப் போனார். அங்கே இருந்தபோது புகாரெஸ்டில் அவருடைய நண்பர் கியோர்கே உர்சுவைப் பிடித்துக்கொண்டுபோனார்கள். உர்சு ஒரு கட்டடப் பொறியாளர், கவிஞரும்கூட. அவருடைய நாட்குறிப்பு ரகசியப் போலீசான செக்யூரிடாட்டேயின் கைக்குப் போயிருந்தது. அதில் ஆட்சியைக் கிண்டல் செய்து நினா எழுதிய பாடல்களும் இருந்தன. 1985 நவம்பர் 17-இல், காவலில் அடிபட்டு உர்சு இறந்தார். நினா திரும்பிப் போகவில்லை. வீடு பறிபோனது, புத்தகங்கள் தடைசெய்யப்பட்டன. அறுபதைத் தாண்டிய வயதில் ஆங்கிலத்தில் கவிதை எழுத ஆரம்பித்தார். 2014 ஏப்ரலில் நியூயார்க்கிலேயே காலமானார்.

ஆக, நம் கைக்குக் கிடைப்பது ஒரே கவிஞரின் வெவ்வேறு காலங்கள், வெவ்வேறு கைகள் வழியாக.

எதை வைத்து எடைபோடுவது

முதலாவது, நமக்கும் அவருக்கும் நடுவில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது. ஆங்கிலம் வழியாகச் செய்தால் குறைந்தது ஒருவர் நிற்பார்.

இரண்டாவது ஓசை. இவர் எதுகையோடும், வரிக் கடைசியில் ஓசை ஒத்துவரும் இயைபோடும் எழுதத் தெரிந்தவர், அதில் விளையாடவும் தெரிந்தவர். ஓசையைத் தள்ளிவிட்டுப் பொருளை மட்டும் எடுத்தால் பாதிக் கவிதைகள் குறிப்புரை மாதிரி ஆகிவிடும்.

மூன்றாவது, அந்தப் பிரதி வாழ்க்கையின் எந்தப் பகுதியைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்பது.

நான்காவது உரிமை. இதை யாரும் முதலில் கேட்பதில்லை, புத்தகம் அச்சுக்குப் போகிற நேரத்தில்தான் நினைவுக்கு வரும். ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள்வரை இந்தியாவில் பதிப்புரிமை உண்டு, அதாவது நினாவுக்கு 2074 முடியும்வரை. ருமேனியாவில் 70 ஆண்டுகள். இன்னொன்றும் இருக்கிறது: ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து தமிழுக்குச் செய்தால் அந்த மொழிபெயர்ப்பாளருக்கும் தனி உரிமை உண்டு. இரண்டு பக்கமும் அனுமதி வாங்க வேண்டும்.

பல கவிஞர்கள் சேர்ந்து செய்த தொகுப்பு: ‘லைஃப் சென்டென்ஸ்’ (1990)

பெரும்பாலானவர்கள் நினாவை முதலில் சந்திக்கிற இடம் இதுதான். அமெரிக்கக் கவிஞர் வில்லியம் ஜே ஸ்மித் தொகுத்தது. மொழிபெயர்த்தவர்களில் ரிச்சர்ட் வில்பர், ஸ்டான்லி கூனிட்ஸ், கரோலின் கைசர் போன்ற பெரிய பெயர்கள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் படிக்க மட்டும் ஆசை என்றால் மேலே யோசிக்கவே வேண்டாம், இதை வாங்கிக்கொள்ளுங்கள். விரிவு, தேர்வு, கவித்துவம் மூன்றும் இருக்கின்றன.

மொழிபெயர்க்க என்று வரும்போதுதான் கதை மாறுகிறது. வில்பர் இயைபை விடாத கவிஞர். ஆங்கிலத்தில் இயைபு வேண்டுமென்றால் எங்காவது ஒரு சொல்லை நகர்த்த வேண்டும், ஒரு உருவகத்தைச் சாய்க்க வேண்டும். அவர் அதை அழகாகவே செய்வார். ஆனால் நீங்கள் தமிழில் ஒரு வரிக்காக நாள்முழுக்கப் போராடிக்கொண்டிருக்கும்போது, அந்த வரி நினாவுடையதா, ஆங்கில இயைபுக்காக வில்பர் வைத்ததா என்று உங்களுக்குத் தெரியாது. பக்கத்தைத் திருப்பினால் வேறொரு கவிஞர், வேறொரு கை. ஒரே ஆளின் கவிதைகள் தமிழில் நான்கு ஆட்களுடையது போல வந்து நிற்கும்.

தலைப்பையே பாருங்கள். ஆங்கிலத்தில் ‘சென்டென்ஸ்’ என்றால் தண்டனை, வாக்கியம் என்று இரண்டு பொருள். ஆயுள் தண்டனை என்றும் படிக்கலாம், வாழ்க்கை என்கிற வாக்கியம் என்றும் படிக்கலாம். நாடு கடந்து வந்த கவிஞருக்கு அற்புதமான தலைப்பு. ஆனால் ருமேனிய மொழியில் இந்தச் சிலேடை இல்லை, அங்கே தீர்ப்புக்கு ஒரு சொல், இலக்கண வாக்கியத்துக்கு வேறு சொல். தமிழிலும் இல்லை. ‘ஆயுள் தண்டனை’ என்று போட்டால் சிறைக் கவிதைகள் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

உரிமை விஷயத்திலும் இதுதான் தலைவலி பிடித்தது. மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொருவரின் தரப்புக்கும் தனித்தனியாக எழுதிக் கேட்க வேண்டிவரும்.

இருவர் சேர்ந்து செய்தது: ‘கால் யுவர்செல்ஃப் அலைவ்’ (1988)

லண்டனில் ஒரு சிறு பதிப்பகம் வெளியிட்ட காதல் கவிதைத் தொகுப்பு. ஆண்ட்ரியா டெலடன்ட், பிரெண்டா வாக்கர் இருவரும் சேர்ந்து மொழிபெயர்த்தது. நட்சத்திரப் பெயர்கள் இல்லை, அதுவே இங்கே வசதி. முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை ஒரே கை. கோபம், காமம், தன்னையே கிண்டல் செய்துகொள்வது எல்லாம் ஒரே தொனியில் வருகின்றன. நினாவின் காதல் கவிதைகளில் கண்ணீரைவிட நகம் அதிகம். விட்டுப்போனவனைப் பார்த்து, நீ போனதிலிருந்து நான் அழகாகிக்கொண்டே வருகிறேன், இருட்டில் பிணம்போல ஒளிர்கிறேன் என்கிற தோரணையில் பேசுகிற பெண் அவர்.

குறை என்ன? காதல் மட்டும்தான். இதை மட்டும் தமிழில் கொண்டுவந்தால் துணிச்சலாகக் காமம் எழுதிய ஐரோப்பியப் பெண் கவிஞர் என்ற முத்திரை விழும். அது பொய் கிடையாது, ஆனால் மிகச் சின்ன உண்மை. தவிர, பழைய சிறு பதிப்பகப் புத்தகம், பழைய புத்தகக் கடைகளில்தான் தேட வேண்டும். அஞ்சல் செலவு புத்தக விலையைத் தாண்டினால் ஆச்சரியப்படாதீர்கள்.

சிற்றிதழில் ஏழெட்டுக் கவிதைகள் போட வேண்டும், ஒரே குரலாக ஒலிக்க வேண்டும் என்றால் இதுதான் சரியான பிரதி. பேச வேண்டிய மொழிபெயர்ப்பாளர்களும் இரண்டே பேர்.

அவரே ஆங்கிலத்தில் எழுதியது: ‘டேக் மை வர்ட் ஃபார் இட்’ (1998)

என்னிடம் கேட்ட இருவரில் ஒருவர் இதைத்தான் எடுக்கப்போவதாக இருந்தார். அவருடைய வாதம் நியாயமாகவே இருந்தது: பெரும்பாலும் கவிஞரே ஆங்கிலத்தில் எழுதியவை, அல்லது அவரே ஆங்கிலத்துக்கு மாற்றியவை. நடுவில் ஆளே இல்லை. உரிமைக்கும் ஒரே பக்கம் பேசினால் போதும். இதைவிடச் சுத்தமான மூலம் எங்கே கிடைக்கும்?

கைகளை மட்டும் எண்ணினால் அவர் சொல்வது சரி. ஆனால் படித்துப் பாருங்கள், இவர் வேறு கவிஞர். வயதான, நகைச்சுவையான, நியூயார்க்கில் வாழ்கிற, இரண்டாம் மொழியில் கவனமாக அடியெடுத்து வைக்கிற ஒருவர். சொற்கள் எளிமையானதற்குக் காரணம் பாதி முதிர்ச்சி, பாதி அந்த மொழியில் அவருக்கு இருந்த இடநெருக்கடி. பிந்தைய தொகுப்பான ‘கன்டினுவம்’-இலும் இதே சாயல்தான். எனக்கு இந்தக் கவிதைகள் பிடிக்கும். ஆனால் நினாவின் கவிதை என்று தமிழில் முதல்முதலாக இதுதான் வந்தால், இவரை ருமேனியாவில் எதற்கு இப்படிக் கொண்டாடினார்கள் என்று வாசகருக்குப் புரியாது.

தன் நிலையை அவரே ஒரு கவிதையில் சொல்லியிருக்கிறார். வாயிலிருந்து பல் விழுவதுபோல என் சொற்களிலிருந்து எழுத்துகள் விழுகின்றன என்று தொடங்கும். முடியும்போது, ருமேனிய மொழி தன் அண்ணத்திலும் குரல்வளையிலும் உண்டாக்கும் இன்பத்தைக் கலவிச் சொற்களாலேயே சொல்லி, அவற்றின்மேல் இரக்கம் காட்டும்படி கடவுளைக் கேட்பார். மொழி அவருக்கு உடம்பின் உறுப்பு. அந்த உறுப்பு இல்லாமல் எழுதியவற்றை மட்டும் வைத்து அவரை அறிமுகம் செய்வது எப்படி?

ஆனால் ஏற்கெனவே அவரைத் தமிழில் படித்தவர்களுக்கு இரண்டாவது புத்தகமாக இது அருமையாக இருக்கும். முதுமையையும் இடப்பெயர்வையும் மொழி மாறி எழுதுவதையும் பற்றித் தனியாக ஒரு சிறு தொகுப்பு போட்டால் இதைவிட நல்ல பிரதி கிடையாது.

ருமேனிய மூலமும் கூட ஒரு ஆளும்

இதைச் சொன்னதும் இருவருமே சிரித்தார்கள். ருமேனிய மொழிக்கு எங்கே போவது என்று. முழுதாகக் கற்றுக்கொள்ளச் சொல்லவில்லை. மூலப்பிரதி ஒன்று, அகராதி ஒன்று, வரிவரியாகச் சொற்பொருள் சொல்லித்தர அந்த மொழி பேசுகிற ஒருவர். பிரெஞ்சோ இத்தாலியனோ கொஞ்சம் தெரிந்திருந்தால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி, ருமேனிய மொழி இலத்தீன் குடும்பம்தான்.

இந்த வழியை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், சில இடங்களில் ருமேனிய மொழி ஆங்கிலத்தைவிடத் தமிழுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ‘தெ யுபெஸ்க்’ என்றால் ‘உன்னை நேசிக்கிறேன்’. தெ என்பது உன்னை, யுபெஸ்க் என்பது நேசிக்கிறேன். இரண்டே சொல், நம்முடைய வரிசையே. வினைமுற்றிலேயே ‘நான்’ அடங்கிவிடுகிறது. ஆங்கிலத்துக்குப் போனால் ‘நான்’ வெளியே வந்து வரிக்கு வரி முன்னால் நிற்கும். ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழ் செய்கிறவர் அந்த ‘நான்’ எல்லாவற்றையும் அப்படியே இறக்கிவிடுவார். மூலத்தில் இல்லாத தன்முனைப்பு தமிழில் வந்து உட்கார்ந்துவிடும்.

நீ, நீங்கள் விஷயமும் அப்படித்தான். ருமேனிய மொழியில் நெருக்கத்துக்கு ஒரு சொல், மரியாதைக்கு ஒரு சொல் என்று பிரிவு உண்டு. ஆங்கிலத்தில் அது ஒரே சொல்லாகக் கரைந்துபோகிறது. தமிழுக்கு வரும்போது அந்தப் பிரிவை நாம் மறுபடி போட்டாக வேண்டும். கவிதை காதலனோடு பேசுகிறதா, அதிகாரியோடு பேசுகிறதா, இல்லை கடவுளோடா? ஆங்கிலத்தை மட்டும் வைத்திருப்பவர் ஊகிப்பார். மூலம் வைத்திருப்பவர் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடுவார்.

இயைபைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கில மொழிபெயர்ப்பைப் பார்த்து நம்மவர்கள் வரிக் கடைசியில் ஓசை சேர்க்கப் பார்க்கிறார்கள், அது பல சமயம் சினிமாப் பாட்டு மெட்டில் போய் முடிகிறது. தமிழுக்கு வரியின் தலையில் ஓசை வைப்பது இயல்பு, எதுகையும் மோனையும் அங்கேதானே இருக்கின்றன. கடைசியிலிருக்கும் ஓசையைத் தலைக்கு மாற்றினால் குற்றமில்லை. நினாவும் அதைத் தப்பென்று சொல்லியிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். அவர் மோர்கன்ஸ்டர்னை மொழிபெயர்த்தவர். ஜெர்மன் மொழியின் வேடிக்கைக் கவிஞரான மோர்கன்ஸ்டர்னின் புகழ்பெற்ற ஒரு கவிதையில், ‘வீஸல்’ என்கிற கீரி மாதிரியான பிராணி ‘கீஸல்’ மேல், அதாவது கூழாங்கல் மேல், உட்கார்ந்திருக்கும். ஏன் அங்கே உட்கார்ந்தது? ஓசை பொருந்துவதற்காக! அப்படிப்பட்டவரை இன்னொரு மொழிக்குக் கொண்டுபோன கை, எங்கே பொருளை விட்டு ஓசையைப் பிடிப்பது என்று அறிந்த கை.

அப்புறம், இந்த வழியில் மட்டுமே திறக்கிற ஒரு கதவு இருக்கிறது. நினா ‘ஸ்பார்கா’ என்று ஒரு மொழியையே கற்பனையாக உண்டாக்கி அதில் கவிதை எழுதினார். காதில் அசல் ருமேனிய மொழி மாதிரி விழும், விகுதிகள் எல்லாம் சரியாக இருக்கும், ஆனால் சொற்களுக்கு அகராதியில் பொருள் கிடையாது. இதை ஆங்கிலம் வழியாக எப்படிச் செய்வது? முடியாது. மூலத்தைக் காதால் கேட்டு, தமிழ் விகுதிகளோடு இல்லாத சொற்களை உண்டாக்கலாம். பொருள் தொலையும் என்ற பயமே வேண்டாம், தொலைய அங்கே பொருளே இல்லை. ருமேனிய மொழிக்கென்றே அடையாளமான ஒரு உயிர் ஒலி இருக்கிறது, உதடு குவியாமல் சொல்லும் ‘உ’ மாதிரி. வெளிநாட்டார் பலர் அதில் தடுக்கி விழுவார்கள். குற்றியலுகரம் பழகிய நம் வாய்க்கு அது அவ்வளவு அந்நியமில்லை.

செலவு? நேரம்தான். ஒரு கவிதைக்கு நாலைந்து நாள் போகும். உதவுகிற ஆளுக்குப் பணம் கொடுக்க வேண்டும், அட்டையில் பெயரும் போட வேண்டும். ‘நன்றி’ பக்கத்தில் ஒதுக்கிவிடுவது அழகில்லை. அந்த ஆள் கவிதை படிக்கிறவராகவும் இருக்க வேண்டும். சொற்பொருள் மட்டும் தெரிந்தவர் கிண்டலைக் கிண்டல் என்று சொல்லமாட்டார், அப்போது நீங்கள் மிக நேர்மையாக ஒரு கிண்டல் கவிதையைத் தத்துவக் கவிதையாக மாற்றிவிடுவீர்கள். எனக்கு வேறொரு மொழிக் கவிதையில் இது நடந்திருக்கிறது. அச்சானபிறகுதான் தெரிந்தது.

ஒரே பார்வையில்

| பிரதி | நடுவில் நிற்பவர்கள் | ஓசை | காட்டுவது | உரிமை |
|---|---|---|---|---|
| லைஃப் சென்டென்ஸ் | பலர் | ஆங்கிலத்துக்கானது | பல காலம், பல பொருள் | சிக்கல் |
| கால் யுவர்செல்ஃப் அலைவ் | இருவர் | மிதமாக | காதல் மட்டும் | சமாளிக்கலாம் |
| டேக் மை வர்ட் ஃபார் இட் | பெரும்பாலும் யாருமில்லை | இரண்டாம் மொழியின் ஓசை | முதுமை, நியூயார்க் | எளிது |
| ருமேனிய மூலம் | உதவியாளர் | முழுதாகக் கேட்கும் | எதை வேண்டுமானாலும் | ஒரு பக்கம் மட்டும் |

முன்னுரைக்கு

எந்தப் பிரதியை எடுத்தாலும் முன்னுரை ஒன்று எழுதியாக வேண்டும். அங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். சர்வாதிகாரத்தை எதிர்த்து நாடு கடந்த வீராங்கனை என்று எழுதிவிடுவது சுலபம். 1950-களில் கட்சிக்காக எழுதியவரும் இவர்தான், அதுவும் பயத்தால் மட்டும் இல்லை, நம்பிக்கையாலும். ‘சீதனமாக நினைவு’ என்று பொருள்படும் தலைப்பில் மூன்று தொகுதிகளாக வந்த நினைவுக்குறிப்புகளில், பழைய நாட்குறிப்புகளையும் பிற்காலத்தில் அவற்றைத் திரும்பிப் பார்த்து எழுதியதையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறார். முதல் தொகுதி 2003-இல் வந்தது. ருமேனிய உதவியாளர் கிடைத்தால் கவிதைக்கு முன்பு அதிலிருந்து பத்துப் பக்கம் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

படிக்க நேரமில்லையென்றால் மோனா நிகோவாராவும் தானா புனெஸ்குவும் எடுத்த 2018-ஆம் ஆண்டு ஆவணப்படம் இருக்கிறது. நியூயார்க்கில் வயதான நினா பேசுவது, பழைய தொலைக்காட்சிப் பதிவுகள், ரகசியப் போலீஸ் கோப்புகள் மூன்றையும் எதிரெதிராக வைத்திருக்கிறார்கள். படத்தின் தலைப்பு ‘எனக்கும் எனக்கும் நடுவிலுள்ள தூரம்’.

குழந்தைகளுக்கு எழுதியதையும் முன்னுரையில் விட்டுவிடாதீர்கள். பெரியவர்களுக்கான கவிதையில் உருவகமும் கற்பனையும் சந்தேகத்துக்கு உரியதாக இருந்த நாட்களில், குழந்தைப் புத்தகத்தில் அதற்கு இடம் கிடைத்தது. 1969-இல் வந்த இரண்டு புலிக்குட்டிகளின் கதையில் குட்டிகளின் பெயர் நினிக்ரா, அலிக்ரு. நினாவின் பெயரையும், அலி என்று அழைக்கப்பட்ட கணவரின் பெயரையும் புலியைக் குறிக்கும் ‘டிக்ரு’ என்ற ருமேனியச் சொல்லோடு ஒட்டிச் செய்தவை. நானாக இருந்தால் தமிழில் நினாவின் முதல் புத்தகமாக இதைத்தான் போடுவேன், ஆனால் கேட்ட இருவருக்கும் கவிதைதான் வேண்டும்.

யாருக்கு எது

காதல் கவிதைகள் ஏழெட்டு, இதழுக்கு, இரண்டு மாதத்தில் என்றால் டெலடன்ட், வாக்கர் பிரதியைப் பிடியுங்கள். ‘நீ’ வரும் இடங்களை மட்டும் மூலத்தோடு யாரையாவது வைத்துச் சரிபாருங்கள்.

ஐம்பது அறுபது கவிதைகளோடு புத்தகம் என்றால் ருமேனிய மூலம்தான், வேறு பேச்சில்லை. ‘லைஃப் சென்டென்ஸ்’ மேசையில் திறந்தே இருக்கட்டும், எந்தக் கவிதைகளை எடுப்பது என்று அது காட்டும். முன்னோர் ஒருவர் எப்படிச் சமாளித்தார் என்று பார்க்கவும் உதவும். வரியை மட்டும் அதிலிருந்து எடுக்காதீர்கள்.

உதவியாளர் கிடைக்கவே இல்லையென்றால் அவருடைய ஆங்கிலக் கவிதைகளுக்குப் போங்கள். ஆனால் ‘நினா கஸியான் கவிதைகள்’ என்று பொதுவாகப் போடாமல், ஆங்கிலத்தில் எழுதியவை என்பதை அட்டையிலேயே போட்டுவிடுங்கள்.

இருவரில் ஒருவர் இப்போது ஒரு ருமேனியப் பெண்மணியோடு வாரம் ஒருமுறை காணொளியில் பேசுகிறார். பல் விழுவதுபோல எழுத்து விழும் அந்தக் கவிதையில்தான் ஆரம்பித்திருக்கிறார். மூன்று வாரமாக அதே கவிதை. ‘அண்ணம்’ என்று போடுவதா, ‘மேல்வாய்’ என்று போடுவதா என்று போன வாரம் கேட்டார். சத்தமாகச் சொல்லிப் பாருங்கள் என்றேன். ‘அண்ணம்’ என்று சொல்லும்போது நாக்கு அந்த இடத்தையே போய்த் தொடுகிறது.